மாப்பிள்ளை வண்டிக்கு இலவச சர்வீஸ்

பைக் வாங்குகிறவர்கள் எல்லாரும் மைலேஜ் என்ன என்று கேட்பார்கள் சார், கிளட்ச்சைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சங்கராபுரத்தில் கடை போட்ட நாளிலிருந்து பார்க்கிறேன், அது கெட்ட பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே ஆட்களுக்குத் தெரிகிறது. வெளியே ஸ்டேஷன் வராந்தாவில் மாலையும் கழுத்துமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளே, கலையரசி, அவள் என் மகள். அவளுக்கு வந்த மூன்று வரன்களையும் நான்தான் கெடுத்தேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கெடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே ஒரு நல்ல வார்த்தையாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஊர் உலகத்தில் கேசரியும் பஜ்ஜியும் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதோடு வண்டிக்கு ஒரு இலவச சர்வீஸும் உண்டு. உள்ளே பேச்சுவார்த்தையை என் தங்கை இருசம்மாள் பார்த்துக்கொள்வாள். நான் வாசலில் மாப்பிள்ளை வண்டியைப் பார்த்துக்கொள்வேன். மெக்கானிக் வீட்டுச் சம்பந்தம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

முதலில் வந்தவன் எலவனாசூர்கோட்டை இளமாறன். நல்ல பையன், குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கிளட்ச் லீவரைப் பிடித்தால் முதலில் துளி தளர்வு இருக்க வேண்டும் சார். அந்தத் தளர்வே இல்லாமல் கேபிளை இறுக்கிவிட்டால் உள்ளே பிளேட்டுகள் அரைகுறையாகப் பிடித்து, வழுக்கி, கருகிவிடும். இஞ்சின் கத்தும், வண்டி போகாது. நான் இறுக்கினேன். அவன் ஊர் போய்ச் சேரவில்லை, பாதி வழியில் புகை நாற்றத்தோடு நின்று, மறுநாள் வண்டியை டெம்போவில் ஏற்றி எங்கள் கடைக்கே அனுப்பினான்.

அதைப் பிரித்தது கலையரசி. எங்கள் கடையில் கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அவள் வேலைதான். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், கையும் நடுங்கும். பிளேட்டை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாப்பா இது, புது பிளேட்டு, கரிக்கட்ட மாதிரி ஆயிட்ச்சி. கேபிள்ல ப்ளேவே இல்ல, தளர்வே வுடாம இறுகிக் கெடக்கு."

"கிளட்ச்சு மேலயே கைய வச்சிக்கினு ஓட்றவனா இருப்பான்மா. அவசரக்காரன். நமக்கு வேணாம்" என்றேன்.

அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாத பெண்.

அடுத்தது மணலூர்பேட்டைப் பையன். அவனுக்குக் கியர் லீவர் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன், அவ்வளவுதான். தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் போகும்போது லீவர் கழன்று விழுந்து, இருட்டும் வரை கரும்புத் தோட்ட ஓரமாகத் தேடியிருக்கிறார்கள். முதல் கியரிலேயே ஊர்வலம் போல வீடு போய்ச் சேர்ந்தானாம். சொல்லும்போது சிரிப்பு வருகிறது, மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சார், வண்டி நின்றால் மட்டும் சம்பந்தம் நின்றுவிடாது. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டி படுத்துவிட்டதே, சகுனம் சரியில்லையே என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள், அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. இளமாறன் வீட்டில் நிச்சயத்துக்கு நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நானே சொன்னேன். போன் போட்டு, வருத்தமான குரலில், "உங்க கிட்ட மறைக்கக் கூடாதுங்க. எங்க பொண்ணு ராசி அப்படிங்க. பொறந்த ஒடனே அவ ஆத்தாள முழுங்கினவ" என்றேன். மணலூர்பேட்டைக்கும் அதையே சொன்னேன்.

அவள் அம்மா மஞ்சள்காமாலையில் போனவள். அப்போது கலையரசி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனதே அவள்தான். அதையெல்லாம் போனில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பேச்சு மெல்ல ஊருக்குள் வந்துவிட்டது. ஒரு வளைகாப்பில் இவள் வளையல் தட்டைத் தூக்கப் போனபோது, நீ வேணாம்மா என்று தட்டை வாங்கிக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த பரோட்டா வாங்கி வந்தேன். அப்பா ஒருத்தர்தான் தனக்கு இருக்கிறார் என்று அவள் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

மூன்றாவது அன்புச்செல்வன். வெள்ளிமலையில் வாத்தியார். அம்மா பச்சையம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தான். அவனுக்கு எண்ணெய் மாற்றினேன். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும் சார். அதில் காருக்கு ஊற்றுகிற வழவழப்பான எண்ணெயை ஊற்றினால் சமதரையில் ஒன்றும் தெரியாது, மலை ஏறும்போது பிடிப்பு விட்டுவிடும். அப்படியே விட்டது. கொண்டை ஊசி வளைவில் வண்டி முன்னே போகாமல் பின்னே சரிந்து, இருவரும் விழுந்தார்கள். அந்த அம்மாளுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. பள்ளம் வலது பக்கம், அவர்கள் விழுந்தது இடது பக்கம். அந்தக் கணக்கை நான் போடவில்லை, அதுவாக அமைந்தது.

அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தான். மலை ஏற என் முட்டி ஒத்துக்கொள்ளாது. கலையரசியைத்தான் அனுப்பினேன்.

இங்கே ஒரு தப்புக் கணக்கு போட்டுவிட்டேன் சார். அவள் எண்ணெயைத் திறந்து இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். அந்த எண்ணெய் டப்பா எங்கள் கடை அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அதற்குள் நான் வழக்கமான போனையும் போட்டுவிட்டேன். காலில் கட்டோடு படுத்திருந்த பச்சையம்மாள் அதைக் கேட்டுவிட்டு, பார்க்கப் போன கலையரசியிடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கலையரசி எப்போதும் போலச் சோறு போட்டாள். அதன் பிறகு வாராவாரம் அந்தப் பையன் போன் செய்தான். "மாமா, வண்டி மறுபடியும் ஏற மாட்டேங்குதுங்க." சம்பந்தம் முறிந்த பிறகும் மாமா என்கிறானே, மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் பெண்ணைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். ஸ்பேனர் பையை நானே தூக்கிக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வருவாள், கையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது, பையில் பச்சையம்மாள் சுட்ட சாமை முறுக்கு இருக்கும். மெக்கானிக் நான், இதைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் ஊற்றிய எண்ணெய் இத்தனை மாதம் கழித்தும் வேலை செய்கிறதே என்று பெருமையில் இருந்துவிட்டேன். முறுக்கும் நன்றாக இருந்தது.

இன்று காலையில் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பாதுகாப்பு வேண்டும் என்று உங்களிடம் வந்திருக்கிறார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். அதற்கு அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"வண்டிய இன்னா வேணா பண்ணிக்க, பொறுத்துக்குவேன். எங்க அம்மா சாவ ஏம்பா எம்மேல போட்ட?"

என்னிடம் பதில் இருந்தது. கடையை அவள்தான் நடத்துகிறாள், அவள் போய்விட்டால் மறுநாளே ஷட்டர் இறக்க வேண்டும் என்பதற்காக இல்லை சார். அப்படி நினைத்தால் அது என்னைத் தெரியாதவர்கள் பேச்சு. எல்லாம் அவள் நன்மைக்குத்தான். ஆனால் அங்கே நிற்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கே அவர்கள் வண்டி நின்றது. தூரம் போகிற பிள்ளைகள், அப்பன் என்று இருக்கிறவன் ஒரு தடவை பார்க்காமல் அனுப்பலாமா? கிளட்ச் கேபிளைக் கொஞ்சம், ஒரு சுற்று, அவ்வளவுதான்.

அவர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போய்விட்டார்கள் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். மெக்கானிக் மகள் கல்யாணத்தன்று பஸ்ஸில் போவதாவது. கண்ணில் தண்ணீர் நின்றதால் நம்பரைப் பார்க்கவில்லை சார். அதே கறுப்பு, அதே கம்பெனி. உங்களுடையது என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.

இனி அதை ஓட்ட வேண்டாம். தியாகதுருகம் தாண்டுவதற்குள் பிளேட் கருகிவிடும். என்னைச் சரி பண்ணச் சொல்லாதீர்கள், என் கை உங்களுக்கே தெரிகிறது. இந்தப் பக்கத்தில் கிளட்ச் வேலை சுத்தமாகத் தெரிந்த ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். நீங்கள் ஒரு போன் போட்டால் தட்டாமல் மலையிலிருந்து இறங்கி வருவாள். நான் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டாம், வண்டி நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கும் என்னைப் பார்க்காமல் இருக்க முடியாது சார், வருவதற்கு ஒரு காரணம்தான் வேண்டும்.