பஞ்சாபகேசன் சார் அழித்த கம்ப்யூட்டர்கள்

மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட கெட்டிக்காரர்களுக்கும், பந்தலில் நிற்கிற கும்பகோணத்து மக்களுக்கும் நாகம்மாளின் வணக்கம். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாபகேசன் சார் யார்? பெங்களூர் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, இந்த ஊரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்தவர். அங்கே சமைக்கப் போனவள் நான். ஒருநாள் விளையாடிப் பாருங்கள் என்றார். மாட்டுவண்டியை ஓட்டித் தென்னை மரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். "நீங்க எதையும் உடைச்சிடுவீங்க நாகம்மா" என்று சொல்லி, விளையாட்டைச் சோதிக்கிற வேலையையே கொடுத்துவிட்டார்.

எங்கள் மெஷின்களில் ஓடுவது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்தான். விளையாடுகிறவர்கள் வீட்டில் விண்டோஸ் இருக்கும்போது, செய்கிறவர்களுக்கு ஏன் லினக்ஸ் என்று கேட்காத ஆள் உண்டா? முதல் மாதம் படம் வரைகிற பேனா வேலை செய்யவில்லை. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. மாடு மேய்ப்பதே லேசு என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். விண்டோஸ் பெட்டி ஒன்றை மட்டும் மூலையில் வைத்தார், முடிந்த விளையாட்டை ருசி பார்க்க. அது என் இடம்.

ஆயுத பூஜைக்கு ஊரே மெஷினுக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கும். எங்கள் சார் என்ன செய்வார்? பொட்டு வைப்பார், கற்பூரம் காட்டுவார், பிறகு ஒரு மெஷினை முழுசாக அழித்துவிடுவார். அதில் புதிதாக லினக்ஸ் போட்டு, எல்லோர் வேலையையும் சேமித்து வைக்கிற பொதுக் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, விளையாட்டை ஓடவைத்த பிறகுதான் சுண்டல்.

"என்ன சார், நல்ல நாள்ல கருமாதி பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒருநாள் நெஜமாவே போகும் நாகம்மா. அன்னைக்கு யாரும் பதறக் கூடாது" என்றார்.

போனது மெஷின் இல்லை, அவரே போய்விட்டார். அவருடைய மெஷின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. கடைசியாக அவர் செய்துகொண்டிருந்தது, விளையாட்டில் வருகிற வாய்க்காலில் தண்ணீரை ஓடவைக்கிற வேலை. அவர் சம்சாரம் மதுரம் அம்மா அழக்கூட இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "அவர் செஞ்சதெல்லாம் அந்தப் பொட்டியோடயே போயிடுமா?"

 

காரியம் முடிந்த மறுநாள் எங்களோடு வேலை பார்க்கிற வானதி ஒரு பழைய மெஷினை முழுசாக அழித்து லினக்ஸ் போட்டாள். பொதுக் கம்ப்யூட்டரில் இருந்ததை இறக்கினாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். திரையில் வயல் வந்தது. வண்டி வந்தது. வாய்க்கால் வந்தது. பிறகு, ஐயா, தண்ணீர் ஓடியது. மருத்துவமனைக்குப் போன அன்று சாயங்காலமும் பொதுக் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் மனிதர். எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா, இன்னும் தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, அது தெரியும்.

மதுரம் அம்மாவை அழைத்து வந்து விளையாட உட்காரவைத்தோம். மதகைத் திறந்தார்கள். மூடவே இல்லை. நாற்றெல்லாம் மூழ்கிப்போனது. "என்னடி இது, வடியவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் முதல்முதலாக அழுதார்கள்.

சபையோரே, சார் இல்லாமல் கம்பெனி நடக்குமா என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். நடக்கும். திங்கட்கிழமை கதவைத் திறக்கிறோம். அந்த விளையாட்டை முடித்து, அவர் பெயர் போட்டு வெளியிடுவோம். இது அவர் படத்துக்கு முன்னால் நாங்கள் கொடுக்கிற வாக்கு.

மதுரம் அம்மா, நீங்களும் வாருங்கள். உங்கள் வயலில் இன்னும் தண்ணீர் நிற்கிறது.