உடைந்த கண்ணாடி குறித்து டாக்சி ஓட்டுநர் ஒச்சப்பன் சொன்னது

என் பெயர் ஒச்சப்பன், வயது 43, தகப்பனார் பெயர் சின்னக்கருப்பன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தற்போது கோவை கணபதியில் மனைவி, மகளுடன் வாடகை வீட்டில் குடியிருந்து, அங்குள்ள ஒருவருக்குச் சொந்தமான டாக்சியை ஓட்டி வருகிறேன். குன்னூர் அரசு மருத்துவமனையில் படுக்கையில் இருந்தபடி, முழு நினைவுடன் இதைப் போலீஸ் அய்யாவிடம் சொல்கிறேன்.

சென்ற சனிக்கிழமை காலை கமலேஷ் என்பவரின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோவையிலிருந்து புறப்பட்டேன். முந்தின இரவு விமான நிலையச் சவாரி முடித்து நேராக வந்ததால் தூக்கம் இல்லை. இந்தத் தொழிலில் தூக்கம் வருகிறது என்று சொன்னால் அடுத்தவனுக்குச் சாவி போய்விடும், ஆகையால் யாரும் சொல்வதில்லை. அதன் பிறகு மதியம் குன்னூரில் அவர்களைத் தேயிலைத் தொழிற்சாலை பார்க்க இறக்கிவிட்டுக் காத்திருந்தபோது, ஒரு அம்மாள் வெலிங்டன் போகவேண்டும் என்று கேட்டார். நான் ஏற்றிக்கொண்டேன். அது தப்பு. மலையில் வெளியூர் வண்டி உள்ளூர்ச் சவாரி எடுக்கக்கூடாது என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உடனே ஸ்டாண்டில் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர்தான் ஜாகீர். அவர், "ஏனுங்க, காலையில இருந்து முறை போட்டு நிக்கறோம், ஒரு சவாரி இல்லீங்க. நீங்க வந்ததும் ஏத்தறது நியாயமுங்களா?" என்று கேட்டார். நான் மரியாதை இல்லாமல், "ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டு ரோடா?" என்றேன். அதற்கு அவர், "இன்னொருக்கா ஏத்திப் பாரு, வண்டிக் கண்ணாடிய ஒடச்சுப்போடுவேன்" என்றார். தொழிற்சாலை வாசலுக்குத் திரும்பியிருந்த கமலேஷ் இதைக் கேட்டார். ஜாகீர் அப்படிச் சொன்னது உண்மை, மறைக்கவில்லை. அந்த அம்மாள் இறங்கி நடந்தே போய்விட்டார்.

அதன் பிறகு ஜெகதளா ஊருக்கு மேலே, கமலேஷ் குடும்பம் தங்க எடுத்திருந்த காட்டேஜுக்குப் போனோம். விருந்தாளிகளுக்கு அறை உண்டு, நாய்க்குக் கூண்டு உண்டு, டிரைவருக்கு மட்டும் இடம் இல்லை. கக்கூஸுக்கும் மேலே வரக்கூடாது, தோட்டத்துப் பக்கம் போய்க்கொள்ளவேண்டும் என்றார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான். மெல்லிய போர்வையோடு வண்டியில் படுத்தேன். குளிர் தாங்கவில்லை. கோழி சுட்டு முடித்த அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. சமையல்காரர் பாலன் உள்ளே போனதும், யாரையும் கேட்காமல், ஒரு இரும்புச் சட்டியில் கரியை அள்ளிவந்து வண்டிக்குள் முன் சீட்டின் கீழே வைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறுக்கமாக ஏற்றிவிட்டேன். கதகதப்பாக இருந்தது. பிறகு தலை வலித்தது. அலுப்பு என்று நினைத்தேன். நல்ல தூக்கம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டதுதான் கடைசியாக நினைவில் உள்ளது.

இதற்கு மேல் பாலன் சொல்லித் தெரிந்துகொண்டது. விடிந்தபோது பக்கத்துக் காட்டேஜில் ஒரு குடும்பத்தை ஏற்ற ஜாகீர் வந்திருக்கிறார். நேற்றுச் சண்டை போட்ட வண்டி என்று எட்டிப் பார்த்திருக்கிறார். வண்டியில் படுக்கும் மலை ஓட்டுநர்கள் எவ்வளவு குளிரிலும் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பார்களாம். என் வண்டியில் எல்லாம் மூடி, உள்பக்கம் வேர்த்து வடிந்திருக்கிறது. தட்டியும் நான் எழவில்லை, கரியின் விஷக்காற்றில் மயங்கிக் கிடந்திருக்கிறேன். உடனே வீல் ஸ்பேனரால் பின் கதவுக் கண்ணாடியை உடைத்து, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, என்னை வெளியே இழுத்திருக்கிறார். நான் தலைவைத்திருந்தது முன்பக்கம், என் முகத்தில் சில்லு விழக்கூடாது என்றுதான் சுற்றிப்போய்ப் பின்னால் உடைத்தார். ஆத்திரத்தில் உடைக்கிறவன் இதை யோசிக்கமாட்டான். கை கிழிந்த நிலையில், தன் சவாரியை விட்டுவிட்டு, என்னைத் தன் வண்டியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

சத்தம் கேட்டு விழித்த கமலேஷ், முந்தின நாள் மிரட்டியவரே கண்ணாடியை உடைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து வண்டி உரிமையாளருக்குப் போன் செய்ய, அவர் கொடுத்த புகாரில் ஜாகீரைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பாலன் கரிச்சட்டியைக் காட்டியும், உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர்க்காரன் சாட்சியா என்று உரிமையாளர் கேட்டாராம். எனக்கு நினைவு திரும்பியபோது ஜாகீரின் மனைவி நபீசா கஞ்சித் தூக்குடன் நின்றார். கணவர் நிலையத்தில் இருப்பதைக் கேட்டு நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "மொதல்ல குடிங்கண்ணா, தெம்பு வரட்டும். அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றார். கூடப் பிறந்தவள் இருந்திருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்கமாட்டாள். நான் அழுதேன்.

அதன் பிறகு உரிமையாளர் போன் செய்தார். "கரி போட்டேன்னு சொன்னா இன்சூரன்ஸ் வராதுப்பா. அவன் ஒடச்சு உன்ன அடிச்சான்னு சொல்லு. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் போய்ட்டே இரு" என்றார். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு வழி இப்போது இல்லை. இது தெரிந்தே சொல்கிறேன்.

கண்ணாடியை உடைத்தது ஜாகீர்தான். அவர் உடைத்ததால்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். கரி வைத்தது நான், வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை. ஜாகீர் அண்ணனுக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றிக்கடன் பட்டவன். அவரை இன்றே வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வண்டிச் சாவியை இதை எழுதும் அய்யாவிடமே ஒப்படைக்கிறேன், உரிமையாளர் வந்தால் கொடுத்துவிடவும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை.

(ஒப்பம்) சி. ஒச்சப்பன்