மேஸ்திரியின் ரசமட்டம்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான்; பரவாயில்லை, நான் குறை சொல்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அந்த வேலையை என் கணவர் பார்த்துக்கொண்டார்.

அவர் கட்டட மேஸ்திரி. அவர் கட்டிய சுவரில் முடி நுழைய இடம் இருக்காது. அவரோடு வாழ்ந்த எனக்கு மூச்சு நுழைய இடம் இருந்ததில்லை. தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை, அந்தக் கண்ணாடிக் குழாய் பதித்த கட்டையை, சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் வைத்திருப்பார். நான் துணி மடித்து அடுக்கினால் அதன்மேல் வைத்துப் பார்ப்பார். குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்காவிட்டால் விருந்தாளிகள் முன்னாலேயே, "இவ மூளை மாதிரியே இருக்கு பாருங்க" என்பார். அவர்களும் சிரிப்பார்கள். பாவம், எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்.

அதையெல்லாம் பொறுத்தேன். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, "கோணல் எதுவும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று கதவைச் சாத்தினார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு அவரை வெறுத்தேன்.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, காகிதத்தில் குழாய் குழாயாக வரைந்து காட்டினார். மனம் பதறினால் ரத்தக் குழாய் சுருங்குமாம். அழுத்தம் ஏறுமாம். ஏற்கெனவே அடைப்பு இருக்கிற இதயம் அதைத் தாங்காதாம். "அவர் டென்ஷனாகாம பாத்துக்கங்கம்மா. எதுக்கு டென்ஷனாவார்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். நல்ல மனிதர். எனக்கும் ஏதோ தெரியும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

நான் குரலை உயர்த்தவே இல்லை. உப்பைக் குறைத்தேன், வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன். சுவரில் மாட்டிய படங்களை மட்டும் தினமும் ஒரு நூல் சாய்த்து வைத்தேன். அவர் நேராக்குவார், நான் சாய்ப்பேன். கழுத்து நரம்பு புடைக்க, "யாருடி இதத் தொட்டது?" என்பார். "நேராத்தானே இருக்குங்க" என்பேன்.

கடைசியில் ரசமட்டத்தின் குழாயைப் பிடித்திருக்கும் திருகாணியை லேசாகத் தளர்த்தினேன். அன்று காலை அவர் அதைக் கூடத்துத் தரையில் வைத்தார். தன் கையால் போட்ட தரை. குமிழி ஓரத்துக்கு ஓடியது. ஜன்னல் திண்டு, சமையல் மேடை, எங்கே வைத்தாலும் ஓடியது. கட்டையை முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்திருந்தால் பிழை கட்டையில்தான் என்று தெரிந்திருக்கும்; புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் அந்தக் கட்டையை மட்டும் சந்தேகப்படவில்லை.

"வீடே சாஞ்சிருச்சுடி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாத்திரை கேட்டார். எடுக்கத்தான் போனேன். அலமாரி கலைந்து கிடந்தது. அப்படியே விட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு மாத்திரையோடு வந்தேன். அதற்குள் அவருக்கு அது தேவைப்படவில்லை.

அவரிடம் வேலை பார்த்த கொத்தனார் ஞாபகார்த்தமாக ரசமட்டத்தைக் கேட்டு வாங்கிப் போனார். பாடத்தை மறக்காதவர், திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறார். திருகாணியில் புதுக் கீறலும் கண்ணில் பட, நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மகள் தாராளமாக வந்து போகட்டும் என்றுதான் செய்தேன். வந்தாள். செருப்பைத் திசைக்கொன்றாக விட்டாள். ஒரு வார்த்தைதான் சொன்னேன்; முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. அப்பன் புத்தி.

கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அதற்கு முன்னால் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் அந்தப் படத்தைக் கொஞ்சம் நேராக்குங்கள். வந்ததிலிருந்து சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அது என் சுபாவமே கிடையாது.