பின்சீட்டில் ஒருத்தர்தான்

“பின்னாடி ஒருத்தர்தான் உக்காரணுமா? அப்போ எங்கம்மா அப்பாவுல யாரை டிக்கியில போடுறது?” என்று கேட்டான் வண்டிக்காரன்.

மின்சாரம் போயிருந்தது. அவன் காருக்கு அகல வீல் மாட்டும் வேலை பாதியில் நின்றது. ஒர்க்‌ஷாப்புக்குள் நாங்கள் நாலு பேர் ஒரே ஒரு செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

“சிரிக்காத. என் சிநேகிதனோட அத்தானும் இப்படித்தான் சிரிச்சாரு,” என்றார் வீல் அலைன்மென்ட் பார்ப்பவர். குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்.

அத்தானுக்குச் சொந்தமாக டயர் கடை. ஸ்பிரிங்கை மாற்றித் தன் காரைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். அதற்கு அகல வீல், அகல டயர். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். நண்பர்களை ஏற்றி வேகத்தடை மேல் விட்டுப் பார்த்தார். பின்சீட்டில் ஒருவர் இருந்தால் சத்தமில்லை. இரண்டாவது ஆள் ஏறினால்... க்ர்ர்ர். இடது பின் டயர் மட்கார்டில் உரசும்.

அப்போது அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். “பிள்ளை வரப்போற நேரத்துல இந்தக் கூத்து தேவையா?” என்று கேட்டாள்.

“பிரசவத்துக்கு முன்னாடி பழைய வீலையே மாட்டிடறேன், போதுமா?”

வலி முந்திக்கொண்டது.

நடுராத்திரி தாண்டிய நேரம். வேறு வண்டி கூப்பிடப் பொழுதில்லை. ஒருத்திதானே, உரசாது என்று அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பினார். ஆற்றோரச் சாலை. விளக்கில்லை. எதிரே ஒரு வண்டியில்லை. கார் சத்தமே இல்லாமல் போனது... பாலம் வரைக்கும்.

பாலத்தருகே ஒரு பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்தார். கார் நின்றும் நிற்காமலும் நகர்ந்தது. அப்போது பின்பக்கம் மெல்ல அமுங்கியது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

க்ர்ர்ர்.

“பேய்க்கு வெயிட் உண்டாண்ணே?” என்றான் வண்டிக்காரன்.

“வாயை மூடுடா,” என்றேன். அவன் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

அத்தான் இறங்கி டார்ச் அடித்தார். டயரில் காற்று சரியாக இருந்தது. ஸ்பிரிங் உடையவில்லை. டிக்கி காலி. ஆனால் மட்கார்டுக்குள் விரலை விட்டால்... நகம்கூட நுழையவில்லை. டயர் ஓரத்தில் ரப்பர் சுருள் சுருளாகச் சீவப்பட்டிருந்தது. கருகிய நாற்றம். அதோடு ஈரச் சேற்று வாடை. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

தொழில் தெரிந்தவர். இப்படியே வேகமாக ஓட்டினால் டயர் வெடிக்கும். நின்றால் பிள்ளை நடுரோட்டில் பிறக்கும். ஜன்னல் வழியாக உள்ளே டார்ச் அடித்தார். மனைவி மட்டும்தான். கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஏறி, ஆள் நடக்கிற வேகத்தில் காரை உருட்டினார். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... கடைசியில், ரொம்பத் தூரத்தில், ஆஸ்பத்திரி விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

“இதோ வந்துட்டோம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ,” என்றபடி உள்விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

காலை நீட்டிப் படுத்திருந்தவள் இப்போது காலை மடக்கி, கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முக்கால் சீட்டு வெறுமையாகக் கிடந்தது. கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“என்னங்க... வயித்துல இடிக்கிறாங்க... அவங்களைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்களேன்...”