நாற்பத்தொன்றாம் எண் தலைக்கவசம்

எனக்குத் தலை கொஞ்சம் பெரியது, சாமி. கலவரத் தடுப்புப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தும் பொருத்தமான தலைக்கவசம் ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது.

ஊர்வலத்துக்குப் போகும் வழியில் எல்லாக் கவசங்களையும் வண்டியின் நடுவில் குவிப்போம். பிறகு பார்க்காமல் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் இருக்கும் அவரவர் எண்ணை யாராவது படம் பிடித்தாலும் ஆளைப் பிடிக்க முடியாது.

"ஸ்தாதிஸுக்கு மட்டும் ஒரு தர்பூசணியைக் குடைஞ்சு கொடுங்கடா" என்று என்னைக் கிண்டலடித்தான் ஆர்கிரிஸ். எல்லோரும் சிரித்தோம்.

அன்று கைக்கு வந்தது கச்சிதமாக இருந்தது. யாருடையது என்று திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஆர்கிரிஸுடையது.

ஓய்வூதியக்காரர்களின் ஊர்வலம். கலையச் சொன்னோம். ஒரு கிழவர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி தின்ற எள்ளு ரொட்டி.

"முட்டி வலிக்குது மகனே. ஒரு நிமிஷம் இரு, எழுந்திருக்கிறேன்."

மூன்று முறை அடித்தேன். மூன்றாவது தேவைப்பட்டிருக்காது. ஆறாம் நாள் இறந்தார். ஊர் முழுக்கக் கலவரம், குப்பைத்தொட்டிகள் எரிந்தன. யாரோ எடுத்த படத்தில் நாற்பத்தொன்று தெரிந்தது; ஆர்கிரிஸ் மேல் வழக்கு.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஆர்கிரிஸ் கேட்டான். "மாத்திக்கிட்டோம்னு சொல்லிடவா?"

"சொன்னா வண்டியில இருந்த பன்னெண்டு பேரும் உள்ள போவோம். முகம் தெரியலைன்னு வக்கீல் சொல்றாரில்ல. பேசாம இரு, வந்துடுவ."

"என்னோடதை யாரு போட்டிருந்தான்னு தெரியுமாடா?"

"பார்க்காமத்தானே எடுக்கிறோம்."

விசாரணையில் அவன் அதைச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் கொடுத்தார்கள். அன்று மாலையே ஊர் அடங்கியது. அது நல்லதுதான்.

வரும் செவ்வாய்க்கிழமை மேல்முறையீடு. அவன் மனைவி ஃபோட்டினி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள்.

"கவசம் மாத்திக்கிட்டதை அவர் இந்தத் தடவை சொல்லப்போறாருண்ணா. ஆமான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இப்போது மாற்றிப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள், தண்டனைதான் கூடும் என்றேன். நீதிமன்றத்தில் என்னைக் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வேன் என்றும் சொன்னேன். அழுதாள். பிறகு குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நான்தான் நிற்க வேண்டும் என்று ஆர்கிரிஸ் சிறையிலிருந்து எழுதியிருக்கிறான். அப்படி நிற்பவன் முதலில் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்றீர்கள். இதோ சொல்லிவிட்டேன். நீங்கள் வெளியே சொல்லமாட்டீர்கள்.

அப்பா இல்லாத குறை தெரியாமல் அந்தப் பிள்ளையை வளர்ப்பேன், சாமி. அதற்காவது நான் வெளியே இருக்க வேண்டும்.