சாம்பலாய்த் தெரிந்த பொட்டு

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு வள்ளம் புறப்பட்டதும், எனக்கு முன்னால் இருந்த இரண்டு சகோதரிகளில் இளையவள் தன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மூத்தவளைப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கண்ணுக்கு உங்கட குங்குமப் பொட்டு சாம்பலாக் கிடக்கு."

மூத்தவளின் விரல் சட்டென்று நெற்றிக்குப் போனது. "உன்ர அத்தான் கப்பலிலை வேலைக்கு நிக்கிற நேரம் என்ன கதை கதைக்கிறாய்?"

"அபசகுனம் இல்லையக்கா. ஆஸ்பத்திரியிலை டாக்குத்தரும் சிவப்புப் போத்தல் மூடி ஒண்டைக் காட்டித்தான் என்ன நிறமெண்டு கேட்டவர். கண்ணுக்குப் பின்னாலை இருக்கிற நரம்பு வீங்கினால் சிவப்பு மங்கிப்போகுமாம்."

"கண்ணை உருட்டேக்கை நோகுதெண்டு சொன்னனீ. அதுவும் இதாலையோ?"

"ஓம்."

"ஏன் வந்ததாம்?"

"காய்ச்சலுக்குப் பிறகும் வருமாம். சிலருக்கு ஏனெண்டே தெரியாதாம். நாளைக்கு உடுப்போடை வரச்சொன்னவர். ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சு வைச்சு மருந்து தருவினமாம். கனபேருக்குப் பார்வை திரும்பி வருமாம்."

"வராட்டி?"

"அதை நான் கேக்கேல்லை."

மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, அவளுடைய இடது கண்ணைத் தானே பொத்தினாள்.

"இப்ப நல்ல கண்ணாலை பார். பொட்டு என்ன நிறம்?"

"சிவப்பு."

வள்ளம் நயினாதீவில் கட்டும்வரை மூத்தவள் தங்கையின் இடது கண்ணைப் பொத்திப் பொத்தி அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். கடைசியாகக் கேட்டபோது, தங்கை அந்த நல்ல கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தரம் பொட்டைப் பார்த்தாள்.