கரண்ட் போடு, அக்கா

தம்பி: ...அதான் சொல்றேன் அக்கா, மீனுக்குக்கூட என் மேல மரியாதை இல்ல. இப்பதான் ஒண்ணு வந்து என் ஹெல்மெட் கண்ணாடியில முகம் பாத்துட்டுப் போகுது.

அக்கா: பாத்துட்டுப் போகட்டும். நீ தூண்கிட்ட போயிட்டியா இல்லையா? மேல படகுல மைக்கையும் சுவிட்சையும் வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உன் கதையக் கேக்குறது?

தம்பி: போயிட்டேன், போயிட்டேன். படகுத்துறைத் தூணைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிறேன். கல்யாண ஃபோட்டோவுலகூட நான் இவ்வளவு நெருக்கமா நின்னதில்ல.

அக்கா: காத்து ஒழுங்கா வருதா?

தம்பி: வருது. கூடவே சிகரெட் வாசனையும் வருது. அங்க காத்து அனுப்புற கம்ப்ரசர் பக்கத்துல யாரு?

அக்கா: யோவ், அந்தப் பக்கம் போய்யா!... சரி, துரத்திட்டேன். தகடு?

தம்பி: துருப்பிடிச்ச ஓட்டை மேல சரியா உக்காந்திருக்கு. நான்தான் இன்னும் சரியா உக்காரல.

அக்கா: மாசக்கணக்கா வீட்ல உக்காந்தியே, போதாதா?

தம்பி: ஓய்வு அக்கா... ஓய்வுன்னு சொல்லு. காது ஆறணும்னு டாக்டரே சொன்னார்.

அக்கா: காது எப்பவோ ஆறிடுச்சு. அன்னிக்கு வெடிச்ச சத்தம்தான் இன்னும் உள்ள இருக்கு. உன் பொண்டாட்டி சொன்னா.

தம்பி: என்ன சொன்னா?

அக்கா: அடுப்பு லைட்டர் டிக்குன்னா நீ சமையலறைய விட்டு ஓடிடுறியாம்.

தம்பி: ஓடல... வேகமா நடந்தேன். ஒரு தடவை கதவைத் தொறக்க மறந்துட்டேன், அவ்வளவுதான்.

அக்கா: சிரிக்க வைக்காதே, வேலையப் பாரு.

தம்பி: அக்கா... இதுவும் அதே மாதிரி தகடுதானே?

அக்கா: இல்லடா. அதுல வாயு வெளிய போக வழி இல்ல. வெல்டு வைக்க வைக்க தகட்டுக்குப் பின்னாடி சேர்ந்துகிட்டே இருந்துச்சு, ஒரு பொறி பட்டதும் வெடிச்சுது. இதுல மேல் ஓரத்துல துளை இருக்கு. தடவிப் பாரு, நானே போட்டது.

தம்பி: இருக்கு, இருக்கு... எலி கடிச்ச மாதிரி கோணலா இருக்கு. நீ போட்டதேதான்.

அக்கா: வாய் மட்டும் குறையல. வெல்டிங் கம்பி மாட்டிட்டியா?

தம்பி: மாட்டிட்டேன். கறுப்புக் கண்ணாடியையும் இறக்கிட்டேன். ஏற்கெனவே சேத்துல ஒண்ணும் தெரியல, இப்ப அந்தச் சேறும் தெரியல... ம்... கரண்ட் போடு.

அக்கா: ...போட்டாச்சு.

தம்பி: ஆங்... பிடிச்சுக்கிச்சு! ஸ்ஸ்ஸ்ர்ர்ர்... கேக்குதா?

அக்கா: கேக்குது. நல்லாப் போகுது போலிருக்கே.

தம்பி: தையல் போட்ட மாதிரி வருது அக்கா. ஸ்ஸ்ர்ர்ர்... ம்க்கும்... ஸ்ஸ்ர்ர்...

அக்கா: என்னடா, வெல்டிங் நடுவுல இருமுது?

தம்பி: அது... கம்பி ஈரம்.

அக்கா: தண்ணிக்குள்ள ஈரமா இல்லாம?

தம்பி: அதான் நானும் சொல்றேன். கம்பி தீர்ந்துடுச்சு, நிறுத்து.

அக்கா: நிறுத்தியாச்சு.

தம்பி: அடுத்த கம்பி மாட்டிட்டேன். போடு.

அக்கா: போட்டாச்சு... பல்லு கூசுதா?

தம்பி: ஏன்?

அக்கா: கரண்ட் வந்தா அடைச்ச பல்லு கூசும்னு சொல்லுவியே.

தம்பி: ஆமா ஆமா! கூசுது, பயங்கரமாக் கூசுது. ஆ... ஸ்ஸ்ஸ்ர்ர்ர்... சரி, நிறுத்து.

அக்கா: நிறுத்தியாச்சு. இன்னிக்கு இது போதும், ஏறி வா. மீதிய நாளைக்குத் தாடிக்காரர் இறங்கி முடிச்சுக்கட்டும்.

தம்பி: தாடியா? அவர் எதுக்கு?

அக்கா: அவரும் நம்ம டைவர்தானே. நீ விட்ட இடத்துலேருந்து பிடிச்சுக்குவார்.

தம்பி: நான் விட்ட இடத்தை அவர் பாப்பாரா?

அக்கா: பாக்காம எப்படி வெல்டு வைப்பார்?

தம்பி: அவர் கண்ணுல ஒரு தப்பு பட்டா ஆயுசுக்கும் கான்டீன்ல அதான் பேச்சு. அதுக்கு வெடிச்சே போயிடலாம்... அக்கா, இன்னும் ஒரே ஒரு கம்பி வச்சுப் பாத்துடுறேன்.

அக்கா: வேணாம்டா. இங்க யாரும் உன்னை விரட்டல. ஏறி வா, சாமி.

தம்பி: நீ இப்படி அன்பாப் பேசினா இன்னும் பயமா இருக்கு. திட்டு.

அக்கா: எருமை.

தம்பி: ம், இது பரவாயில்ல... கொஞ்சம் இரு. கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறேன்... கரண்ட் போடு அக்கா.

அக்கா: நிச்சயமாவா?

தம்பி: போடு.

அக்கா: ...போட்டுட்டேன்.

தம்பி: அம்மா!

அக்கா: என்னடா? என்ன ஆச்சு? நிறுத்தட்டா?

தம்பி: நிறுத்தாதே! எரியுது... அக்கா, எரியுது! கண்ணு கூசுது, பல்லு கூசுது!

அக்கா: கையச் சாய்க்காதே. மெதுவா இழு... மெதுவா...

தம்பி: இழுக்குறேன்... குமிழியெல்லாம் துளை வழியா மேல போகுது... கையில படுது... வெடிக்கல...

அக்கா: வெடிக்காது. நீ இழு.

தம்பி: முடிஞ்சுது, நிறுத்து... நிறுத்திட்டியா?

அக்கா: நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். எப்படி வந்திருக்கு?

தம்பி: தடவிப் பாக்குறேன்... கேவலமா இருக்கு. கோழி கிளறின மாதிரி. ஆனா... ஒட்டிடுச்சு அக்கா. அசைச்சாலும் அசையல.

அக்கா: அழுறியா?

தம்பி: இல்ல, ஹெல்மெட்டுக்குள்ள தண்ணி இறங்குது.

அக்கா: ஐயோ, எந்தப் பக்கம்?

தம்பி: கண்ணுப் பக்கம்.

அக்கா: போடா... ஒரு நிமிஷம் உசிரு போயிடுச்சு.

தம்பி: அக்கா... ஒண்ணு சொல்லணும். திட்டாதே. முன்னாடி ரெண்டு கம்பியையும் நான் தகட்டுல வைக்கவே இல்ல. தூணைப் பிடிச்சுக்கிட்டு வாயாலதான் சத்தம் போட்டேன்.

அக்கா: தெரியும்டா.

தம்பி: தெரியுமா? எப்படி... இருமினேனே, அதுலயா?

அக்கா: அதுக்கும் முன்னாடி. நீ 'பிடிச்சுக்கிச்சு'ன்னு சொன்னப்பவே... டேய், நான் கரண்டே போடல. அன்னிக்கு உன்னை வெடிக்க வச்ச சுவிட்சைப் போட்டவளும் நான்தானே. கை வச்சேன், போட முடியல. ரெண்டு தடவையும் போட்டாச்சுன்னு பொய்தான் சொன்னேன். 'கரண்ட் வரலையே'ன்னு எப்பக் கேப்பியோன்னு இங்க மைக்கையே பாத்துக்கிட்டு இருக்கேன்... நீ என்னடான்னா, பல்லு கூசுதுங்குற!